மலைப்பூண்டும் மருந்துச் சீட்டும்: வாசகர் கேள்வி பதில்

பழனி மலையின் மேல்மலைக் கிராமங்களில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. சமையலுக்கு என்பதைவிட மருந்துக்கு என்றே சொல்லி அதை வாங்கிச் செல்பவர்கள் பலர். பூண்டு நல்ல உணவு. ஆனால் குழம்புச் சட்டியை விட்டு வெளியே வந்து, பச்சையாகவும் மாத்திரையாகவும் பற்றாகவும் எண்ணெயாகவும் மாறும்போது, அதை மருந்துக்குரிய கவனத்தோடுதான் கையாள வேண்டும். அதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இவ்விதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 52. கொழுப்பும் இரத்த அழுத்தமும் சற்று அதிகம் என்று மருத்துவர் சொன்னார். நண்பர்களின் பேச்சைக் கேட்டு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஐந்தாறு மலைப்பூண்டுப் பற்களைப் பச்சையாக மென்று தின்று வருகிறேன். சில நாட்களாக நெஞ்செரிச்சல் தாங்க முடியவில்லை. இது போகப் போகச் சரியாகிவிடுமா? எத்தனை பல் தின்பது சரியான அளவு?
– வாசகர், வத்தலக்குண்டு

பதில்: போகப் போகச் சரியாகாது, புண்ணாகத்தான் வாய்ப்பு உண்டு. வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு தின்பதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

பூண்டுப் பல் முழுதாக இருக்கும்வரை அதற்குப் பெரிய நெடி கிடையாது. அல்லின் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் பல்லுக்குள் தனித்தனி அறைகளில் அடைந்து கிடக்கின்றன. நசுக்கும்போதோ மெல்லும்போதோ அறைகள் உடைந்து இரண்டும் கலந்து, நொடிப் பொழுதில் அல்லிசின் உண்டாகிறது. மூக்கில் ஏறும் நெடிக்கும், நாக்கைச் சுடும் காரத்துக்கும், இப்போது உங்கள் நெஞ்சில் எரிவதற்கும் அதுவே காரணம். 1944-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் கவாலிட்டோவும் பெய்லியும் இந்த அல்லிசினைப் பிரித்தெடுத்து, அது நுண்ணுயிர்களைக் கொல்லக்கூடியது என்று காட்டினார்கள். அந்த வீரியம் இரைப்பையின் உட்சுவரையும் உறுத்தும் என்பதை மறந்துவிட்டுத்தான் பலரும் "பச்சையாகத் தின்றால்தான் பலன்" என்று அறிவுரை சொல்கிறார்கள்.

அளவைக் கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகை நூல், வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 5 கிராம் வரை புதுப்பூண்டு என்று குறிப்பிடுகிறது. அது நடுத்தர அளவுள்ள ஒரு பல்லின் எடை. மலைப்பூண்டில் பெரிய பல்லாக எடுத்தால் ஒன்றிலேயே அந்த அளவு நிறைந்துவிடும். ஐந்தாறு பல் என்பது அதைப் போலப் பல மடங்கு.

இனி நீங்கள் எதிர்பார்க்கும் பலனைப் பார்ப்போம். கொழுப்பு சற்று அதிகமாக இருந்த 192 பேரைக் கொண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு நடத்தி, 2007-இல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்குப் பச்சைப்பூண்டு, இரு பிரிவினருக்கு வெவ்வேறு பூண்டு மாத்திரைகள், இன்னொரு பிரிவினருக்குப் பூண்டே இல்லாத போலி மாத்திரை என்று ஆறு மாதம் கொடுத்துப் பார்த்ததில், கெட்ட கொழுப்பு எந்தப் பிரிவிலும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை நிலைமை சற்று மேல்: ஏற்கெனவே அழுத்தம் அதிகமுள்ளவர்களுக்குப் பூண்டுத் தயாரிப்புகள் ஓரளவு குறைத்துக் கொடுப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது மாத்திரையின் இடத்தை நிரப்பும் குறைவு அன்று. "பூண்டு சாப்பிடுகிறேனே" என்று இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துப் பக்கவாதத்தோடு வருபவர்களைப் பார்ப்பதுதான் மருத்துவராக எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. நீங்கள் அப்படி எதையும் நிறுத்தவில்லை என்று நம்புகிறேன்.

பூண்டின் குணம் வேண்டும், வயிறும் கெடக் கூடாது என்றால் ஒரு வழி இருக்கிறது. பல்லை நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்து, அதன் பிறகு ரசத்திலோ குழம்பிலோ சேருங்கள். நசுக்கிய உடனே சூட்டில் போட்டால் அல்லினேஸ் வேலையைத் தொடங்குமுன்பே செயலிழந்துவிடும். பத்து நிமிடம் விட்டால் உண்டாக வேண்டியவை உண்டான பிறகு சூடுபடுவதால் குணத்தில் ஒரு பங்காவது மிஞ்சும். உண்ணும்போது வயிற்றில் சோறும் இருக்கும். நெஞ்செரிச்சல் இரண்டு வாரத்துக்குள் அடங்கவில்லை என்றாலோ, மலம் கருப்பாகப் போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை நடந்து, இரத்தம் உறையாமலிருக்க அசினோகுமரால் மாத்திரை சாப்பிடுகிறார். பூண்டும் இரத்தத்தை இளக்கும் என்பதால் அவர் பூண்டையே தொடக் கூடாது என்று ஒருவரும், பூண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தால் அந்த மாத்திரையே தேவைப்படாது என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். அவருக்கோ பூண்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. என்ன செய்வது?
– வாசகர், மன்னவனூர்

பதில்: இருவர் சொல்வதையும் ஒதுக்கிவிடுங்கள். இரண்டாவது அறிவுரை உயிருக்கே ஆபத்தானது. செயற்கை வால்வில் இரத்தம் உறைந்தால் அது மூளைக்குச் சென்று அடைக்கும். அதைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தும் உரிமை இதய மருத்துவர் ஒருவருக்கே உண்டு.

அப்பாவுக்குப் பூண்டுக் குழம்பு கொடுக்கலாம். இரத்த உறைவைத் தாமதப்படுத்துவதில் பங்குள்ள பொருள்கள் நன்றாக வெந்த பூண்டில் பெருமளவு குறைந்துவிடுகின்றன. ஆனால் அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு வாரம் பூண்டே இல்லாமல் இருந்துவிட்டு, மறு வாரம் காய்ச்சலுக்கு நல்லது என்று ஒரு முழுப் பூண்டைச் சுட்டுத் தின்பது போன்ற ஏற்ற இறக்கம்தான் இத்தகைய மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஆகாதது. பச்சைப்பூண்டும், பூண்டு எண்ணெய் மாத்திரையும், பூண்டுச் சாறும் அவருக்கு வேண்டாம்.

இதன் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை சரியாக இருப்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறவர்கள் உண்டு. அசினோகுமரால், வைட்டமின் கே-யின் உதவியோடு கல்லீரல் உண்டாக்கும் உறைவுக் காரணிகளைக் குறைக்கிறது, ஐ.என்.ஆர். அளப்பது அதைத்தான். பூண்டிலுள்ள அஜோயீன் போன்ற பொருள்களோ இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. அது வேறு பாதை. எனவே அளவு மீறிய பூண்டினால் இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடியிருந்தாலும் ஐ.என்.ஆர். எண்ணில் அது தெரியாமல் போகலாம். 1990-இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு, நாள்தோறும் அதிக அளவில் பூண்டு தின்றுவந்த 87 வயது முதியவருக்கு, அடியோ காயமோ எதுவும் படாமலே தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கசிந்து கட்டிக்கொண்டதை விவரிக்கிறது. இது மிக அரிதாக நடப்பது; ஆனால் உறைவைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுபவர் கூடுதல் கவனத்தோடு இருப்பதற்கு இதுவே போதிய காரணம்.

அடைபட்ட இதய இரத்தக் குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்த பிறகு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுபவர்களுக்கும் இதே அறிவுரை பொருந்தும். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ இருந்தால், பச்சைப்பூண்டையும் பூண்டு மாத்திரையையும் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டுவந்ததை மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்கும்போது பூண்டு மாத்திரையை யாரும் சொல்வதில்லை. அதை மருந்து என்றே நினைப்பதில்லை. எச்.ஐ.வி. தொற்றுக்குத் தரப்பட்டுவந்த சாக்குவினாவிர் என்ற மருந்தோடு பூண்டு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு ஒன்றில், இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். நெடுநாள் மருந்து எதைச் சாப்பிடுபவராக இருந்தாலும், பூண்டு மாத்திரை தொடங்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அப்பாவுக்குப் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் நிற்காமல் வந்தாலோ, அடிபடாத இடத்தில் ஊதா நிறத்தில் கன்றினாலோ, சிறுநீர் சிவந்து போனாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கும் மகளுக்காகப் பூண்டை உரித்து, லேசாக வதக்கி, பாட்டில் நிறைய நல்லெண்ணெய் ஊற்றி மூழ்கவைத்துக் கொடுத்தனுப்புகிறேன். எண்ணெயில் மூழ்கியிருப்பதால் கெடாது, இங்கே இருக்கும் குளிருக்கு ஃப்ரிட்ஜும் தேவையில்லை என்று அடுக்களை அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். மகள் எங்கோ படித்துவிட்டு "இது விஷமாகும்" என்கிறாள். உண்மையா?
– வாசகி, பூம்பாறை

பதில்: உங்கள் மகள் சொல்வது உண்மை, அம்மா. இந்தத் தொகுப்பிலேயே மிக முக்கியமான கேள்வி உங்களுடையதுதான் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிர் மண்ணில் இயல்பாகவே வாழ்வது. பூண்டு மண்ணுக்குள் விளைவது. ஒரு பல்லை எடுத்து, அடியில் வேர்த்தட்டோடு ஒட்டியிருந்த தட்டையான பகுதியை நகத்தால் கீறிப் பாருங்கள். நன்றாகக் கழுவிய பிறகும் அந்த மடிப்பில் மண் துகள் தங்கியிருப்பதைக் காணலாம். அந்தத் துகளோடு இந்த நுண்ணுயிரின் விதைபோன்ற வடிவமும் வரலாம். அதை வித்து என்கிறோம். காற்று படும் இடத்தில் அது முளைப்பதில்லை. அதனால்தான் பரணில் காற்றாடவும் அடுப்புப் புகை படவும் கட்டித் தொங்கவிட்ட பூண்டினால் யாருக்கும் தீங்கு வருவதில்லை. ஆனால் காற்று புகாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள, அதிகக் குளிரும் இல்லாத இடம் கிடைத்துவிட்டால் அது முளைத்துப் பெருகி, நரம்புகளை முடக்கும் நச்சை உண்டாக்கும். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டுப் பல் இந்த நான்கு தேவைகளையும் நிறைவேற்றிக் கொடுத்துவிடுகிறது: எண்ணெய் காற்றைத் தடுக்கிறது, பூண்டில் புளிப்பு மிகக் குறைவு, பல்லுக்குள் ஈரம் இருக்கிறது, அலமாரியில் போதிய வெப்பமும் இருக்கிறது.

"இங்கே இருக்கும் குளிருக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை" என்ற எண்ணம் மலையில் எல்லோருக்கும் இருப்பதுதான். ஃப்ரிட்ஜுக்குள் இருக்க வேண்டியது 4 டிகிரி அல்லது அதற்கும் கீழ். நம் மேல்மலையில் கம்பளி போர்த்திக்கொள்ளும் நாளில்கூட, அடுப்பெரியும் அடுக்களைக்குள் அதைப் போல மூன்று நான்கு மடங்கு வெப்பம் இருக்கும். நமக்குக் குளிர்கிறது என்பதால் நுண்ணுயிருக்கும் குளிர்கிறது என்று கொள்ள முடியாது. அதோடு, உங்கள் பாட்டில் மலையிறங்கிப் பேருந்தில் சென்னை போய்ச் சேரும் பயணத்தையும் எண்ணிப் பாருங்கள்.

வதக்கிவிட்டேனே என்று கேட்பீர்கள். வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை. அவற்றை அழிக்க ஈரத்தோடு கூடிய 121 டிகிரி வெப்பம் மூன்று நிமிடமாவது வேண்டும். எண்ணெயின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருந்தாலும், பல்லுக்குள் ஈரம் இருக்கும்வரை உட்பகுதி அந்தச் சூட்டை எட்டுவதில்லை. நாம் வசிக்கும் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. குக்கரில் வைத்தாலும் சமவெளியில் கிடைக்கும் வெப்பத்தைவிட உள்ளே சற்றுக் குறைவுதான். ஆகவே வீட்டு அடுப்பில் செய்யும் எந்த வதக்கலும் இந்த பாட்டிலை அலமாரியில் வைக்கத் தக்கதாக ஆக்காது.

இது ஏட்டுப் பயமன்று. 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய எண்ணெய்ப் பூண்டு பாட்டிலை வெளியில் வைத்துப் பயன்படுத்திய ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நச்சினால் பாதிக்கப்பட்டார்கள். 1989-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இதே போன்ற இன்னொரு பாட்டிலால் மூவர் பாதிக்கப்பட்ட பிறகு, கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டில் அமிலமோ நுண்ணுயிர்த் தடுப்போ கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. இந்த நச்சு உண்டான பாட்டிலில் மணமோ நிறமோ சுவையோ மாறாமலிருக்கலாம். எனவே முகர்ந்து பார்த்தும், நுனிநாக்கில் வைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முயல வேண்டாம். அலமாரியில் இப்போது இருப்பதைக் கீழே கொட்டிவிடுங்கள். கோழிக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் புதைத்துவிடுங்கள்.

மகளுக்கு எப்படி அனுப்பலாம் என்றால், உரிக்காத முழுப் பூண்டாகவே அனுப்புவதுதான் முதல் வழி. தாளோடு (காய்ந்த தண்டோடு) கட்டிய மலைப்பூண்டு எத்தனை நாள் தாங்கும் என்பது பூம்பாறைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உரிக்க நேரமில்லை என்று மகள் சொன்னால், ஊறுகாயாகப் போட்டு அனுப்புங்கள். புளியோ எலுமிச்சைச் சாறோ வினிகரோ தாராளமாகச் சேர்ந்து, உப்பும் நன்றாக ஏறிய பூண்டு ஊறுகாயில் இந்த நுண்ணுயிர் பெருக முடியாது. புளிப்பின் அளவைக் காட்டும் அமில காரக் குறியீடு (pH) 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால் அதனால் முளைக்க இயலாது. பாட்டிமார் பூண்டோடு புளியைச் சேர்த்தே ஊறுகாய் போட்டதில் எவ்வளவு பெரிய பாதுகாப்பு இருந்திருக்கிறது என்று எண்ணும்போது எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடுகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முழுப்பல்லின் நடுப்பகுதி வரை புளிப்பு ஏறுவதற்கு நாளாகும். ஆகவே பல்லைக் கீறிவிட்டு, புளிக்கரைசலிலேயே வேகவைத்து, அதன் பிறகு எண்ணெய் சேருங்கள். முதல் சில வாரங்களுக்கு ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும்.

இஞ்சி பூண்டு விழுதுக்கும் இதே கவனம் வேண்டும். கடையில் வாங்கும் விழுதில் அமிலம் சேர்த்திருப்பதை உறையைப் படித்தால் அறியலாம். வீட்டில் அரைத்து எண்ணெய் ஊற்றி வைப்பதை ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் சிறு கட்டிகளாக உறையவைத்துக்கொள்ளுங்கள், சில மாதம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து மேல்மலைக்கு மின்சாரம் நாள் கணக்கில் வராமல் போவது உண்டு. அப்படி ஃப்ரிட்ஜ் நின்றுபோன பிறகு, அதற்குள்ளிருந்த எண்ணெய்ப் பூண்டையும் விழுதையும் மீண்டும் குளிரவைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

இப்படிப்பட்ட பூண்டைச் சாப்பிட்டவருக்கு, பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள், சில சமயம் ஒரு வாரம் கழித்தும்கூட, பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை சரிவது, வாய் உலர்வது, பேச்சு குழறுவது, எச்சில் விழுங்க முடியாமை ஆகியவை வரிசையாகத் தோன்றி, தளர்ச்சி கழுத்து, கை, கால் என்று கீழ்நோக்கிப் பரவும். காய்ச்சல் இருக்காது, நினைவும் தெளிவாக இருக்கும். அதனால் வெறும் அசதி என்று எண்ணிப் படுக்கவைத்துவிடுகிறார்கள். அடுத்து முடங்குவது மூச்சுத் தசைகள் என்பதால், செயற்கைச் சுவாசக் கருவி உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். எண்ணெய்ப் பூண்டு சாப்பிட்டதை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்கு நச்சுமுறி மருந்து உண்டு; எவ்வளவு முன்னதாகக் கொடுக்கிறார்களோ அவ்வளவு பலன்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குச் சளி கட்டியபோது, மாமியார் பூண்டை அரைத்து உள்ளங்காலில் வைத்துத் துணியால் கட்டி இரவு முழுவதும் விட்டுவிட்டார். காலையில் கொப்புளம் கண்டிருந்தது. காதுவலிக்குப் பூண்டு காய்ச்சிய எண்ணெயும் விடுகிறார். மலைத்தேனில் ஊறிய பூண்டையும் கொடுக்கலாம் என்கிறார். அவரை எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.
– வாசகி, பண்ணைக்காடு

பதில்: உங்கள் மாமியார் பேரக் குழந்தையின் மேல் உள்ள அன்பினால்தான் செய்திருக்கிறார். இந்தப் பதிலை அவருக்கே படித்துக் காட்டுங்கள். மருத்துவர் சொன்னார் என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

அரைத்த பச்சைப்பூண்டைத் தோலில் வைத்துக் கட்டினால் அது தீப்புண்ணைப் போலவே சுடும். பற்று ஈரமாக இருந்து, மேலே துணியும் இறுக்கியிருந்தால் காரம் ஆவியாக வழியின்றித் தோலுக்குள்ளேயே இறங்குகிறது. பெரியவர்களுக்கே மணிக்கணக்கில் வைத்தால் கொப்புளம் எழும். குழந்தையின் தோல் மெல்லியது, எரிகிறது என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. கொப்புளத்தை உடைக்காமல், குளிர்ந்த சுத்தமான நீரால் கழுவி, தளர்வாகச் சுத்தமான துணி சுற்றிக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சளோ பற்பசையோ தடவ வேண்டாம். பெரியவர்கள் பல்வலிக்கு ஈறில் பூண்டை அடக்கிக்கொள்வதும், தேமலிலும் படையிலும் பூண்டைத் தேய்ப்பதும் இதே புண்ணில்தான் முடிகின்றன.

காதுக்குள் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சளியோடு காதுவலி வந்தால் செவிப்பறைக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம், பறையில் ஓட்டையும் விழுந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது தெரியாது.

தேன் விஷயத்தில் விதிவிலக்கே கிடையாது. மலைத்தேனோ கடைத்தேனோ, ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுகூட வைக்கக் கூடாது. பூம்பாறை வாசகிக்கு மேலே சொன்ன அதே வித்துகள் தேனிலும் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை, பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்துவிடும். உங்கள் குழந்தைக்குத் திட உணவு கொடுக்கத் தொடங்கியிருப்பீர்கள். பருப்புச் சோற்றில் ஒரு பூண்டுப் பல்லைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுப்பதில் தவறில்லை. முழுப் பல்லாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: அறுவை சிகிச்சையில் பிரசவமாகி இருபது நாள் ஆகிறது. தினமும் பூண்டுக் குழம்பு, பூண்டுப் பால், பூண்டு லேகியம் என்று கொடுக்கிறார்கள். தாய்ப்பாலில் பூண்டு வாடை ஏறினால் குழந்தை குடிக்காது என்று தோழி பயமுறுத்துகிறாள்.
– வாசகி, தாண்டிக்குடி

பதில்: வாடை ஏறுவது உண்மை, குழந்தை குடிக்காது என்பது பொதுவாக உண்மையன்று. 1991-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தாய் பூண்டு சாப்பிட்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாலில் வாடை உச்சத்தை எட்டியதும், அப்போது குழந்தைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் ஒட்டியிருந்து சப்பியதும் தெரியவந்தன. ஆகவே வெந்த பூண்டை மகிழ்ச்சியோடு சாப்பிடுங்கள். பூண்டு சாப்பிட்ட நாளில் மட்டும் குழந்தை வயிற்றை முறுக்கிக்கொண்டு அழுகிறது என்று நீங்களே திரும்பத் திரும்பக் கண்டால், சில நாள் குறைத்துப் பாருங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு உறைவைத் தடுக்கும் ஊசி ஏதேனும் போட்டுக்கொண்டிருந்தால், லேகியத்தைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குழம்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கேள்வி: பூண்டு எவ்வளவு நன்றாக வெந்திருந்தாலும் எனக்கு வயிறு உப்பி, காற்று பிரிகிறது. "வாயுவுக்குப் பூண்டு நல்லது" என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?
– வாசகர், பெருமாள்மலை

பதில்: உங்களுக்கு மட்டுமன்று, இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சொல்லத்தான் கூச்சப்படுகிறார்கள். பூண்டில் ஃப்ரக்டான் என்ற ஒருவகை மாவுச்சத்து நிறைய உண்டு. அதைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களே அதைப் புளிக்கவைக்கின்றன, அதில் வாயு உண்டாகிறது. பெரும்பாலானோர் அதை உணர்வதில்லை. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்குச் சிறிய அளவே பெரிய தொல்லையாகிறது. நீண்ட நேரம் வேகவைத்தாலும் ஃப்ரக்டான் போய்விடாது; குழம்புத் தண்ணீரில் கரைந்து அங்கேயே இருக்கும்.

அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது என்பது உங்களுக்குச் சாதகம். தாளிக்கும்போது எண்ணெயில் பூண்டைப் போட்டுப் பொன்னிறமானதும் பூண்டை அரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் மட்டும் சமைத்துப் பாருங்கள். மணம் இருக்கும், உப்புசம் இருக்காது. அந்த எண்ணெயை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எலுமிச்சைச் சாற்றில் போட்ட பூண்டு பச்சை நிறமாக மாறிவிட்டது. கொட்டிவிட வேண்டுமா? முளைவிட்ட பூண்டைச் சமைக்கலாமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: இரண்டையும் சாப்பிடலாம். புளிப்பு படும்போது பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பச்சையும் நீலமுமான நிறமிகளை உண்டாக்குகின்றன, அதில் தீங்கில்லை. குளிர்ச்சியில் நாள்பட வைத்திருந்த பூண்டு இப்படி நிறம் மாறுவது சகஜம். முளை சற்றுக் கசக்கும். பிடிக்கவில்லை என்றால் நடுவே கீறி எடுத்துவிடுங்கள். பல்லின்மேல் பொடிபோலப் பச்சையாகவோ கருப்பாகவோ பூஞ்சணம் படர்ந்திருந்தாலும், அழுத்தினால் கொழகொழவென்று உள்ளே போனாலும் அதைத் தூக்கி எறியுங்கள். பூஞ்சணத்தை மட்டும் கழுவிவிட்டுச் சமைப்பது தவறு.

கேள்வி: மிஞ்சிய பூண்டுக் குழம்புச் சோற்றை நாய்க்குப் போடுகிறோம். உண்ணி ஒட்டாமலிருக்கப் பச்சைப்பூண்டும் கொடுக்கலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், கும்பரையூர்

பதில்: இரண்டுமே வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வேகவைத்தாலும் அந்தத் தன்மை போவதில்லை. பூனைக்கு இன்னும் குறைந்த அளவே கெடுதல் செய்யும். சாப்பிட்ட அன்றே எதுவும் தெரியாமல், சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, நடக்கத் தெம்பில்லாமல் படுத்துவிடும். அப்படிக் கண்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்று, பூண்டு கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். உண்ணிக்கான மருந்தும் அவரிடமே கிடைக்கும்.